பேர் யாருக்கு?

இருபது வயதில் ராப் பாட்டை மனப்பாடம் செய்து திரிந்தவர்களுக்கு இன்று நாற்பது. அதே பாட்டுகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி கேட்கிறார்கள். அன்றைய சண்டைகளில் ஜெயித்தது யார் என்பதைவிடப் பெரிய வழக்கு ஒன்று இன்னும் தீராமல் கிடக்கிறது.

பூலாம்பாடி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். திண்ணையில் விரித்த சாக்கில் சின்ன வெங்காயம் கொட்டிக் கிடக்கிறது. காய்ந்த தாளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார், மலேசியாவிலிருந்து லீவில் வந்திருக்கும் ஒரு தகப்பனார். வயது நாற்பத்தைந்து இருக்கும். பக்கத்தில் பெரம்பலூரில் இன்ஜினீயரிங் முதல் வருஷம் படிக்கும் மகன். இருவருக்கும் நடுவில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர். அதில் 'மடை திறந்து' ஓடுகிறது; யோகி பி குழுவினர் பாடியது.

"இதக் கேளுடா. ரெண்டாயிரத்தி ஆறுல கோலாலம்பூர்ல எங்க கடையில ராத்திரி பூரா இதான் ஓடும்."

"நல்லாத்தாம்ப்பா இருக்கு. ஆனா இது இளையராஜா பாட்டுதான?"

"மெட்டு அவரோடது. நடுவுல சரசரன்னு வருதே, அத எழுதிப் பாடுனது இவங்க."

"எவங்க?"

"யோகி பி. அவரு கூட ரெண்டு பேரு..." வெங்காயம் கையில் அப்படியே நிற்கிறது. "பேரு வாயில வரமாட்டேங்குது."

மகன் செல்போனில் தேடிப் படிக்கிறான்: டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ். தகப்பனாருக்கு அந்தப் பாட்டில் ஒரு வரி மறக்கவில்லை. எழுதியவர்களில் இருவரின் பெயர் நினைவில் இல்லை. இப்படி நினைவில் நிற்காதவர்கள் தமிழ் ராப்பில் நிறைய பேர். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

2024 மே மாதம் ராப் பாடகர்கள் கென்ட்ரிக் லமாரும் டிரேக்கும் மாறி மாறிப் பாட்டாலேயே அடித்துக்கொண்டபோது, ராப் சண்டை என்பது உலகம் முழுக்க மறுபடியும் பேச்சானது. கல்லூரி விடுதிகளில் பையன்கள் கட்சி பிரிந்தார்கள். அவர்களுடைய அப்பாக்களும் சித்தப்பாக்களும் தங்கள் காலத்துச் சண்டைகளை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்: டூபாக்கா பிகியா, நாஸா ஜே-ஸீயா. பழைய பாட்டுகள் திரும்ப ஓடுகின்றன. கேட்கும் காது மட்டும் மாறியிருக்கிறது.

மெமரி கார்டில் ஏறிய பாட்டு

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலைக்குப் பக்கத்தில் இருக்கும் பேரூராட்சி பூலாம்பாடி. சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி என்று வானம் பார்த்த வெள்ளாமை. மழை பொய்த்தால் பாஸ்போர்ட்தான் வழி. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ ஆள் இல்லாத தெரு இங்கே அரிது. லீவில் வருகிறவர்கள் தைலமும் சாக்லேட்டும் கொண்டுவந்தது போலவே சிடியும் கொண்டுவந்தார்கள். சென்னையில் புழங்கும் முன்பே மலேசியத் தமிழ் ராப் இந்தப் பக்கத்துச் சில வீடுகளில் ஒலித்ததற்கு அதுதான் காரணம்.

பிறகு செல்போன் வந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, ஆத்தூரில், துறையூரில், எங்கு பார்த்தாலும் 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்ற அட்டை தொங்கியது. இருபது, முப்பது ரூபாய் கொடுத்தால் கார்டு நிறையப் பாட்டு. கடைக்காரர் ஒரு போல்டரை அப்படியே காப்பி செய்து தருவார். அதில் ஃபைலின் பெயர் பாட்டின் முதல் வார்த்தையாக இருக்கும், இல்லையென்றால் வெறும் எண்ணாக இருக்கும். எமினெமும் யோகி பியும் கானா பாட்டும் ஒரே போல்டரில் கிடந்தார்கள். '8 மைல்' படத்துக்காக எமினெம் பாடிய 'லூஸ் யுவர்செல்ஃப்' 2003இல் ஆஸ்கர் வாங்கியது. சிறந்த பாடலுக்கான அந்த விருதைப் பெற்ற முதல் ராப் பாட்டு அது. இந்த விவரம் எதுவும் தெரியாமலே அதை ரிங்டோனாக வைத்திருந்தவர்கள் ஆயிரம் பேர்.

அந்தக் கடைகள் இல்லையென்றால் கிராமத்துப் பிள்ளைக்கு இந்த இசை கிடைத்தே இருக்காது. ஆனால் கேசட் அட்டையில் பாடியவர், எழுதியவர், இசை என்று மூன்று வரியாவது அச்சாகியிருந்தது. மெமரி கார்டில் அதுவும் போயிற்று. ஒரு தலைமுறையே பாட்டை முழுசாகவும் பெயரைப் பாதியாகவும் கேட்டு வளர்ந்தது.

கோலாலம்பூரிலிருந்து வந்த குரல்

தமிழ் சினிமாவில் ராப் என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது 1994இல் வந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'. ஏ.ஆர். ரகுமான் இசை. சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீதுடன் பாடியவர் தேனி குஞ்சரம்மாள். கிராமத்துக் குரலும் சென்னைப் பேச்சும் சேர்ந்த அந்தப் பாட்டைத் தெரியாதவர் இல்லை. பாடிய மூவரையும் சொல்லக்கூடியவர் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

சினிமாவுக்கு வெளியே, தனக்கென்று ஒரு மேடையோடு தமிழ் ராப் வளர்ந்த இடம் மலேசியா. யோகேஸ்வரன் வீரசிங்கம் என்கிற யோகி பி, பாயின்ட் பிளாங்க், சி. லோகோ, லேண்ட்ஸ்லைட் ஆகியோர் சேர்ந்த 'பொயட்டிக் அம்மோ' குழு, ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் என்று கலந்து பாடியது. 1998இல் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது. ரப்பர் தோட்டங்கள் மூடப்பட்டும் விற்கப்பட்டும் போக, தோட்டத் தமிழர்களின் பிள்ளைகள் நகரத்தின் ஓரங்களில் வந்து விழுந்த காலம் அது. வேலையும் படிப்பும் எட்டாத பையன்கள் பலரைத் தெருச்சண்டைக் கும்பல்கள் இழுத்துக்கொண்டன. அமெரிக்க நகரங்களின் கறுப்பின இளைஞர்கள் சொன்ன கதை அவர்களுக்குத் தங்கள் கதையாகவே கேட்டது.

2006இல் யோகி பி & நட்சத்திராவின் 'வல்லவன்' வந்தது. முழுக்கத் தமிழ். 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தில் வாலி எழுதி, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடி, இளையராஜா இசைத்த பாட்டை அடித்தளமாக வைத்து அதன்மேல் 'மடை திறந்து' ராப்பை எழுப்பினார்கள். பழைய பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். என் கணிப்பில் அவர்கள் செய்தது கெடுப்பது அல்ல. அந்தப் பழைய பாட்டில் வாய்ப்புக்காகக் காத்திருக்கும் ஓர் இசைக்கலைஞனின் ஏக்கம் இருக்கிறது. அதையே கோலாலம்பூர் இளைஞர்கள் தங்கள் ஏக்கமாக எடுத்துப் பேசினார்கள். இன்று கேட்டாலும் அந்தப் பொருத்தம் பிசகாமல் நிற்கிறது.

அடுத்த வருஷமே 'பொல்லாதவன்' படத்துக்காக யோகி பி சென்னைக்கு வந்தார். 2011இல் 'ஆடுகளம்', 2017இல் 'விவேகம்'. 'கபாலி'யில் ரோஷன் ஜாம்ராக். அதற்கு முன்பே 2010இல் 'எந்திரன்' படத்தில் ரகுமானோடு கேஷ், கிரிஸி என்ற இரண்டு பெண்கள். சென்னை சினிமா கடல் கடந்த ராப் பாடகர்களைக் கூப்பிட்டது. கூப்பிட்டபோதெல்லாம் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பாட்டின் நடுவில் ஒரு துண்டு.

கோயம்புத்தூரிலிருந்து ஆதியும் ஜீவாவும் ஹிப்ஹாப் தமிழாவாகக் கிளம்பியது அடுத்த அலை. 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம். நான்கு வருஷம் கழித்து ஜல்லிக்கட்டுக்காக 'டக்கரு டக்கரு'. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் கூடியபோது அந்தப் பாட்டு அங்கே முழங்கியது. இவர்கள் துண்டோடு நிற்கவில்லை. முழுப்பாட்டையும் தாங்களே எழுதி, இசைத்து, பாடினார்கள். பிறகு ஆதி படத்தையே இயக்கினார்.

இரண்டு அம்மாக்கள்

அமெரிக்கச் சண்டையை நாம் தூரத்திலிருந்து சினிமா மாதிரி பார்த்தோம். கலிஃபோர்னியா பக்கம் டூபாக் ஷகூர், நியூயார்க் பக்கம் நொடோரியஸ் பி.ஐ.ஜி. என்கிற பிகி. இருவரும் முதலில் நண்பர்கள். 1994 நவம்பரில் நியூயார்க் ஸ்டுடியோ ஒன்றின் வாசலில் டூபாக் சுடப்பட்டார். அதற்குப் பிகி தரப்பைச் சந்தேகித்தார். 1996இல் அவர் வெளியிட்ட 'ஹிட் 'எம் அப்' பகையைப் பகிரங்கமாக்கியது. அதே வருஷம் செப்டம்பர் 7 அன்று லாஸ் வேகாஸில் மறுபடி சுடப்பட்டு, 13ஆம் தேதி இறந்தார். வயது 25. ஆறு மாதத்தில், 1997 மார்ச் 9 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிகி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 24.

பதினெட்டு வயதில் அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்களுக்கு டூபாக்கும் பிகியும் அண்ணன்கள். இன்று கேட்கும்போது அவர்கள் பிள்ளைகளாகத் தெரிகிறார்கள். 'ஹிட் 'எம் அப்'பில் இருக்கும் கோபம் அன்று வீரமாகக் கேட்டது. இப்போது அதில் ஓர் இளைஞனின் பயமும் சேர்ந்து கேட்கிறது. 1999இல் எம்டிவி விருது மேடையில் டூபாக்கின் அம்மா அஃபெனியும் பிகியின் அம்மா வொலெட்டாவும் ஒன்றாக வந்து நின்றார்கள். அந்தச் சண்டையில் ஜெயித்தது யார் என்று அந்த இரண்டு பேரிடம் யாரால் போய்க் கேட்டிருக்க முடியும்? டூபாக் கொலை தொடர்பாக ஒருவரைப் போலீஸ் கைது செய்ததே 2023 செப்டம்பரில்தான், 27 வருஷம் கழித்து.

பெட்டிச் செய்தி: பாட்டால் அடித்துக்கொண்டவர்கள்

நாஸ் – ஜே-ஸீ: 2001இல் 'டேக்ஓவர்', 'ஈதர்' என்று மோதல். ஜே-ஸீயின் அம்மா ஒரு பாட்டைக் கேட்டு இது எல்லை மீறல் என்று கண்டிக்க, மகன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2005இல் இருவரும் ஒரே மேடையில்.

ராஃப்தார் – எமிவே பண்டாய்: 2018இல் ஒரு பேட்டியில் தொடங்கி, பதிலுக்குப் பதில் பாட்டாக இந்தி ராப் ரசிகர்களை இரண்டாகப் பிரித்தது.

ஹனி சிங் – பாட்ஷா: ஒரே குழுவிலிருந்து பிரிந்து பல வருஷம் நீண்ட பகை. 2024இல் மேடையிலேயே அதை முடித்துக்கொள்வதாகச் சொன்னார் பாட்ஷா.

கென்ட்ரிக் லமார் – டிரேக்: 2024 மே 4இல் வந்த 'நாட் லைக் அஸ்' அடுத்த பிப்ரவரியில் ஐந்து கிராமி விருதுகளை வாங்கியது. டிரேக் அந்தப் பாட்டை வெளியிட்ட நிறுவனத்தின்மேல் அவதூறு வழக்குப் போட்டார். 2025 அக்டோபரில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

எரிந்த கட்சி, எரியாத கட்சி

பாட்டுச் சண்டை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஊர்களில் மாசி மாதம் காமன் பண்டிகை நடக்கும். தஞ்சை மராத்தியர் காலத்தில் வந்து நம்மிடம் தங்கிவிட்ட லாவணி அதோடு ஒட்டிய கலை. இரண்டு தரப்பு எதிரெதிரே உட்காரும். சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று மறுகட்சி. டேப் அடித்துக்கொண்டே கேள்வி, பதில், குத்தல், கிண்டல். விடிய விடிய நடக்கும். எதிராளி எடுத்த மெட்டிலேயே பதில் வந்தால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். திணறினால் தோல்வி.

ராப் போட்டி பார்க்கும் பையன்களுக்கு இது உடனே புரியும். ஆனால் லாவணிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு காரமான போட்டியானாலும் குருவின் பெயரைச் சொல்லி வணங்காமல் தொடங்குவதில்லை. யாரிடம் கற்றேன், யார் வழியில் வந்தேன் என்பது பாட்டிலேயே பதிவாகிவிடும். சொற்போர் நீதிமன்றம் வரை போனதும் நம்மிடம் உண்டு. வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லக்கூடாது என ஆறுமுக நாவலர் எதிர்த்த சண்டை, 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்குப் போனது. டிரேக்குக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால்.

அப்படியென்றால் தமிழ் ராப்பில் ஏன் பெயர் சொல்லி மோதும் பாட்டுகள் பெரிதாக எழவில்லை? பையன்கள் யூடியூபில் ஒருவரையொருவர் சீண்டிப் பாடுகிறார்கள், அது உண்டு. ஆனால் ஊரே கட்சி பிரியும் மோதல் இல்லை. எனக்குத் தெரியும் காரணம் சினிமா. அமெரிக்க ராப் பாடகர் தன் பெயரில் ஆல்பம் விற்றுப் பிழைக்கிறார். தமிழ் ராப் பாடகர் அடுத்த படத்துக்கு இசையமைப்பாளர் கூப்பிடுவாரா என்று காத்திருக்கிறார். வாய்ப்பு ஒரே வாசல் வழியாக வரும்போது அங்கே நின்றுகொண்டு யாரையும் பெயர் சொல்லித் திட்ட முடியாது. கோபம் உள்ளேயே கிடந்து, ஒருநாள் வேறு வடிவத்தில் வெளியே வருகிறது. தமிழில் அது 'பாட்டு யாருடையது' என்ற சண்டையாக வந்தது.

ஒரு பாட்டு, மூன்று பேர்

2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வெளியானது. பாடகி தீ, ராப் பாடகர் அறிவு, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். யூடியூபில் மட்டும் 40 கோடிக்கும் அதிகமான முறை பார்க்கப்பட்ட தனிப்பாட்டு. சினிமா இல்லாமல் ஒரு தமிழ்ப் பாட்டு இவ்வளவு தூரம் போனதே இல்லை.

அறிவு அரக்கோணத்துக்காரர். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடியவர். அடுத்த வருஷம் 'தெருக்குரல்'. 'எஞ்சாயி எஞ்சாமி'யின் உயிர் அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு திருப்பி அனுப்பப்பட்ட மக்களின் கதை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று கையெழுத்தானது. அந்த எண்ணிக்கைக்குள் ஒருவர் வள்ளியம்மாள். காடு கழனியைத் திருத்தியவர்களுக்கு அதில் பாத்தியதை இல்லை என்ற ஆதங்கம்தான் பாட்டு.

அந்தப் பாட்டுக்கே அது நேர்ந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை 'எஞ்சாயி எஞ்சாமி'யையும் 'நீயே ஒளி'யையும் கொண்டாடி அட்டை போட்டது. அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டிலும் எழுத்தில் பங்குள்ள அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். எதிர்ப்பு கிளம்பிய பிறகு அறிவை வைத்து இணைய அட்டை ஒன்றைப் பத்திரிகை வெளியிட்டது.

அடுத்த வருஷம் ஜூலை 28. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் 'எஞ்சாயி எஞ்சாமி' பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. சில நாளில் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாட்டை எழுதியதும் அமைத்ததும் பாடியதும் நடித்ததும் தான் என்றும், மெட்டோ சொல்லோ யாரும் தனக்குக் கொடுக்கவில்லை என்றும் அதில் சொன்னார். சந்தோஷ் நாராயணன் விரிவாகப் பதில் சொன்னார். இசையமைத்து, ஒலி சேர்த்து, உடன் பாடியது தான் என்றார். யோசனை தீயிடமிருந்து வந்தது என்றார். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம், அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்ததால் விழாவுக்கு வர முடியவில்லை என்றும் விளக்கினார். அறிவின் பங்கைத் தான் ஒருபோதும் குறைத்ததில்லை என்றார் தீ.

மூவர் சொல்வதையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. ராப்பில் மெட்டு எங்கே முடிகிறது, சொல் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. பழைய சினிமாவில் இசையமைப்பாளர் மெட்டுக் கொடுப்பார், கவிஞர் வரி கொடுப்பார், பாடகர் பாடுவார். ராப் எழுதுகிறவன் எழுதும்போதே தாளத்தை எழுதுகிறான். மூச்சு எங்கே நிற்க வேண்டும் என்பதும் அவன் முடிவு. அவனை வெறும் 'பாடலாசிரியர்' என்று போட்டாலும் குறை, 'பாடகர்' என்று போட்டாலும் குறை. நம் இசைத் தொழிலிடம் அவனுக்கான கட்டம் இன்னும் இல்லை. இரண்டு பாட்டிலும் பங்குள்ளவரின் படம் அட்டையிலிருந்து விடுபடும்போது, விடுபட்டவர் பாட்டியின் கதையைச் சொன்ன தலித் இளைஞராக இருக்கும்போது, அதைத் தற்செயல் என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

2024 மார்ச்சில் கதை இன்னொரு திருப்பம் கண்டது. இந்தப் பாட்டிலிருந்து தங்களில் யாருக்குமே இதுவரை ஒரு ரூபாய் வருமானம்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் அறிவித்தார். பாட்டை வெளியிட்ட 'மாஜா' நிறுவனம் தன் தரப்பில் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்பது கணக்குப் புத்தகத்தில் தீர வேண்டியது. ஆனால் இரண்டு வருஷமாக ஒருவரையொருவர் குற்றம் சொன்ன ரசிகர்கள், மூன்று கலைஞர்களும் ஒரே பக்கத்தில் நிற்பதை அன்றுதான் பார்த்தார்கள். அதே வருஷம் அறிவு தன் அடுத்த ஆல்பத்துக்கு வைத்த பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'.

ஒரு கம்பெனியை எதிர்த்து

ராப் மோதல் என்றால் இரண்டு ஆண்கள் மார்தட்டுவது என்று நினைப்பவர்கள் 2015 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' பாட்டைக் கேட்க வேண்டும். கொடைக்கானலில் யூனிலீவரின் இந்தியக் கிளை நடத்திய தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடல் கெட்ட தொழிலாளர்கள் ஏறத்தாழ பதினைந்து வருஷமாக நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிக்கி மினாஜின் 'அனகொண்டா' மெட்டை எடுத்துக்கொண்டு, கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டார் சோஃபியா. பாட்டை உலகமே பார்த்தது.

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. வழக்காடியவர்களின் வருஷக்கணக்கான உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. பாட்டு மட்டுமே வாங்கித் தரவில்லை. ஆனாலும் எதிராளியைப் பதில் சொல்ல வைப்பதுதான் மோதல் பாட்டின் வேலை என்றால், தமிழ்நாட்டிலிருந்து வந்த மோதல் பாட்டுகளில் முதலிடம் இதற்குத்தான்.

மறுபடி கேட்கும்போது

பழைய பாட்டுகள் எல்லாமே தேறுவதில்லை. ஹிப்ஹாப் தமிழாவுக்கு 2011இல் பெயர் வாங்கித் தந்த 'கிளப்புல மப்புல' அப்போதே பெண்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. இரவில் வெளியே போகும் பெண்ணைப் பழிப்பதுதான் அதன் பொருள். கல்லூரிப் பேருந்தில் கைதட்டிப் பாடிய பாட்டு அது. இன்று அந்த வயதில் மகள் இருக்கும் யாராலும் அதை அவள் எதிரில் போட முடியாது. வெளிநாட்டுப் பாட்டுகளில் இது இன்னும் மோசம். எதிராளியைத் திட்ட அவனுடைய மனைவியை, காதலியை, அம்மாவை இழுப்பது டூபாக் காலத்திலும் இருந்தது, டிரேக் காலத்திலும் இருக்கிறது. மொழி புரியாமல் தாளத்துக்காகக் கேட்டவர்களுக்கு இப்போது வரிகள் திரையில் ஓடுகின்றன.

தேறி நிற்பவையும் உண்டு. இலங்கையிலிருந்து கிருஷான் மகேசன் யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பாடிய 'ஜே டவுன் ஸ்டோரி' அப்படி ஒன்று. போரின் நடுவிலும் ஊரை நேசிப்பது எப்படி என்று அந்தப் பாட்டு சொன்னது. 'காலா' படத்தில் தாராவித் தமிழ்ப் பையன்களின் 'டோப்அடெலிக்ஸ்' குழு பாடியதும் நிற்கிறது. தங்கள் தெருவைத் தாங்களே பேசினார்கள். 'பேட்டை ராப்' முப்பது வருஷம் தாண்டியும் திருவிழா மேடையில் கூட்டத்தை எழுப்புகிறது. பால் டப்பா, அசல் கோலார் போன்ற ராப் பாடகர்களைக் கேட்கும் இன்றைய பையன்கள் இவற்றைப் பழசு என்று ஒதுக்கவில்லை. ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கிறது.

அங்கே பாட்டுக்குக் கீழே எழுதியவர் பெயரும் இருக்கிறது. தட்டிப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு சின்ன எழுத்து.

பெட்டிச் செய்தி: எழுதுகிறவருக்குச் சட்டம் தருவது

பாட்டை எழுதிய நொடியிலேயே காப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுதியவரின் ஆயுளுக்கும், அவருக்குப் பின் 60 வருஷத்துக்கும் அது நீடிக்கும்.

உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷம் என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும். எந்த நாடு என்று இல்லாவிட்டால் இந்தியா மட்டும்.

2012இல் வந்த திருத்தத்தின்படி, ஒலிப்பதிவில் சேர்ந்த வரிகளுக்கும் இசைக்கும் வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைப் படைத்தவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. சட்டப்படியான வாரிசும் காப்புரிமைச் சங்கமும் மட்டுமே விலக்கு. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்குமான ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் 1969 முதல் இருக்கிறது.

உரிமையை முழுவதும் விற்ற பிறகும், இதைப் படைத்தவன் நான் என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும்.

இனி எழுதப்போகிறவர்களுக்கு

பூலாம்பாடி, அரும்பாவூர், வேப்பந்தட்டை என்று இந்தப் பக்கத்து ஊர்களில் செல்போனில் பீட் போட்டு, நோட்டில் வரி எழுதி, நண்பனின் கேமராவில் படம் பிடித்து யூடியூபில் ஏற்றும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்டுடியோ இல்லை, சென்னையில் சொந்தக்காரர் இல்லை. தங்கள் ஊரின் வறட்சியையும் வெளிநாடு போன அப்பாவையும் சாதித் திமிரையும் அவர்களால் எழுத முடியும். அதை அவர்களுக்காக வேறு யாரும் எழுதப்போவதில்லை. நாளை ஒரு பாட்டு ஓடிவிட்டால் அடுத்த வாரமே ஒருவர் ஒப்பந்தத்தோடு வருவார். பத்துப் பக்கம், சட்ட மொழி, கடைசியில் கையெழுத்துக்கு இடம், கூடவே கொஞ்சம் முன்பணம்.

ஆகவே அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். பாட்டை வெளியிடும் முன்பே யார் எழுதியது, யார் பீட், யார் குரல், யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், நண்பர்களானாலும் போடுங்கள். வீடியோவின் கீழே எல்லோர் பெயரையும் தமிழில் முழுசாக எழுதுங்கள். பாட்டியிடம் கேட்ட ஒப்பாரியை எடுத்துப் பாடினால் பாட்டியின் பெயரையும் போடுங்கள். ஒப்பந்தம் வந்தால் அன்றே கையெழுத்துப் போடாமல், பெரம்பலூர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வருஷமும் நாடும் எழுதாத ஒப்பந்தத்தில் அவற்றை எழுதச் சொல்லிக் கேளுங்கள். திருவிழா நடத்தும் ஊர்ப் பெரியவர்களும் நோட்டீஸில் 'ராப் நிகழ்ச்சி' என்று மட்டும் அடிக்காமல், பாடும் பிள்ளைகளின் பெயரை அடியுங்கள்.